மடக்கு டிரெய்லரில் நீர்க்கசிவைக் கண்டறிந்து சரிசெய்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காருக்குப் பின்னால் தாழ்வாக மடிந்து வந்து, தங்கும் இடத்தில் கூரை மேலே உயர, முன்னும் பின்னும் படுக்கைகள் வெளியே நீள, சுற்றிலும் கான்வாஸ் துணி சுவராக நிற்கும் பயண டிரெய்லரைப் பற்றியவை இந்தக் கேள்விகள். கூரை, துணி, மரம், குழாய் என நான்கு வகைப் பொருள்களும் இதில் சந்திப்பதாலும், ஒவ்வொரு பயணத்திலும் அவை விரிந்து மடங்குவதாலும், நீர் புகும் வழிகள் மற்ற டிரெய்லர்களைவிட இதில் அதிகம். கசிவு பெரும்பாலும் சரிசெய்யக்கூடியதே. ஆனால் வழியைக் கண்டுபிடிக்காமல் செய்யும் பழுதுபார்ப்பு, பழுதை மறைத்துவிடுமே தவிர நிறுத்தாது.

உள்ளே ஈரம் தெரிகிற இடத்திலேயே சீலன்ட் (இடைவெளியை அடைக்கும் பசை) பூசினால் போதாதா?

போதாது. ஈரம் தெரிகிற இடம் நீர் வெளிப்படும் இடம். அது புகுந்த இடம் வேறாக இருக்கலாம். கூரையின் முன்பக்க மூலையில் ஒரு திருகாணித் துளை வழியாகப் புகும் நீர், உள்ளே இருக்கும் மரச்சட்டத்தின் மேல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வாட்டம் உள்ள பக்கமாக ஓடி, சட்டம் முடியும் இடத்திலோ மின்கம்பி இறங்கும் துளையிலோ சொட்டும். டிரெய்லர் நிற்கும் சாய்வு மாறினால் சொட்டும் இடமும் மாறும். ஒரே ஓட்டையிலிருந்து இரண்டு பயணங்களில் இரண்டு வேறு மூலைகள் நனைவதற்குக் காரணம் இதுதான்.

உட்புறத்தில் பூசும் சீலன்ட் இன்னொரு தீமையும் செய்கிறது. வெளியேற வழியில்லாத நீர் கூரைப் பலகைக்குள்ளேயே தங்கி மரத்தை ஊறவைக்கும். சொட்டு நின்றுவிட்டதால் பழுது தீர்ந்ததாகத் தோன்றும். சட்டம் இற்றுப்போன பிறகே உண்மை தெரியவரும். எனவே உட்புறத்தில் எதையும் அடைக்க வேண்டாம். புகும் வழியை வெளியிலிருந்து கண்டுபிடித்து வெளியிலேயே மூட வேண்டும்.

ஈரம் மழையினால் வந்ததா, குழாயினால் வந்ததா, உள்ளே படிந்த நீராவியா என்று எப்படிப் பிரித்தறிவது?

முதலில் தீர்க்க வேண்டிய கேள்வி இது. மழைக் கசிவு மழைக்குப் பிறகோ ஈரச் சாலையில் ஓட்டிய பிறகோ மட்டும் தோன்றும். பெரும்பாலும் ஓரங்களிலும் மூலைகளிலும் இருக்கும். மரத்தில் பழுப்பு நிற வளையக் கறையை விட்டுச் செல்லும். குழாய்க் கசிவு மழையைப் பார்த்து வருவதில்லை. சமையல் மேடையின் அடியிலும், தண்ணீர்த் தொட்டியைச் சுற்றியும், தரையின் தாழ்ந்த பக்கத்திலும் அது தெரியும்.

மூன்றாவது வகையைப் பலர் கசிவென்றே எண்ணி ஏமாறுகிறார்கள். உறங்கும் ஒருவருடைய மூச்சிலிருந்தும் தோலிலிருந்தும் ஓரிரவில் சில நூறு மில்லிலிட்டர் நீர் காற்றில் கலக்கிறது. திறந்த சுடரில் எரியும் ஒரு கிலோ புரொப்பேன் வாயு ஏறக்குறைய 1.6 கிலோ நீராவியை உண்டாக்குகிறது. இந்த ஆவி குளிர்ந்த வினைல் ஜன்னலிலும், கூரையின் அடிப்பக்கத்திலும், மெத்தைக்குக் கீழுள்ள பலகையிலும் படிந்து நீராகிறது. விடியற்காலையில் எல்லாப் பரப்புகளிலும் பரவலாக முத்துமுத்தாக நீர் தெரிந்தால் அது ஓட்டையின் வேலையன்று. மெத்தையின் அடிப்பக்கம் மட்டும் ஈரமாகி மேற்பக்கம் காய்ந்திருந்தாலும் அதே காரணமாகவே இருக்கக்கூடும். காற்று வரவும் போகவும் எதிரெதிராக இரண்டு திறப்புகளைச் சற்றே திறந்து வைப்பதும், மெத்தைக்கும் பலகைக்கும் இடையே காற்றோடும் விரிப்பு ஒன்றைப் போடுவதும் இதற்குப் போதும். அடுப்பை அறைச் சூட்டுக்காக எரிப்பதை அறவே விட வேண்டும். ஈரம் ஒருபுறமிருக்க, மூடிய இடத்தில் கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும்.

தண்ணீர் பீய்ச்சிச் சோதிக்கும் முறை என்ன?

இருவர் தேவை. ஒருவர் உள்ளே டார்ச் விளக்குடன் இருக்க, மற்றவர் வெளியிலிருந்து ஓஸ் பைப்பால் தண்ணீர் விட வேண்டும். மெத்தைகள், திரைகள், அலமாரிக் கதவுகள் ஆகியவற்றை முன்பே எடுத்துவிட்டால் ஓரங்கள் அனைத்தும் கண்ணுக்குத் தெரியும். டிரெய்லருக்கு வரும் மின் இணைப்பைத் துண்டித்துவிட்டே தொடங்க வேண்டும்.

விதி ஒன்றுதான்: கீழிருந்து மேலே செல்ல வேண்டும், ஒரு நேரத்தில் ஓர் இடத்தை மட்டுமே நனைக்க வேண்டும். முதலிலேயே கூரையை நனைத்துவிட்டால் நீர் எல்லா இணைப்புகளின் மேலும் வழிந்து இறங்கும்; பிறகு உள்ளே தெரியும் ஈரம் எதனால் வந்தது என்று எவராலும் சொல்ல முடியாது. ஆகவே சக்கர வளைவு, கீழ்ப்பக்கச் சாமான் அறையின் கதவு, வெளி விளக்குகள், பக்கச் சுவரின் மூலைப் பட்டைகள், கான்வாஸ் துணி டிரெய்லரின் அடிப்பெட்டியுடன் சேரும் விளிம்பு, கூரையின் ஓரப் பட்டை, கடைசியாகக் கூரைத் திறப்புகள் என்று ஏறிச் செல்ல வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் பத்து நிமிடமாவது நீர் விழட்டும். மரத்தினூடே நகரும் நீர் மெதுவாகவே வெளிப்படும். பொறுமையின்மையால் தவறவிட்ட ஓட்டைகள் ஏராளம்.

அழுத்தத்துடன் பீய்ச்சும் இயந்திரத்தைப் பயன்படுத்த வேண்டாம். அது நல்ல நிலையில் உள்ள ரப்பர் பீடிங்கையும் (விளிம்பை அடைக்கும் ரப்பர் பட்டை) தாண்டி நீரைச் செலுத்திவிடும். சீலன்ட் விளிம்புகளைப் பெயர்க்கும். கான்வாஸின் நீர்காப்புப் பூச்சையும் சிதைக்கும். மழையைப் போல மென்மையாக விழும் நீரே உண்மையைச் சொல்லும்.

உள்ளே இருப்பவர் சந்தேகமான ஓரங்களில் வெள்ளைச் சுண்ணக்கட்டிப் பொடியைத் தூவி வைத்தால் முதல் துளி விழும்போதே கோடு விழும். மெல்லிய தாளை இணைப்பின் நெடுகிலும் ஒட்டி வைப்பதும் இதே பயனைத் தரும்.

கான்வாஸில் உள்ள சிறு துளைகளைக் காண எளிய வழி உண்டா?

உண்டு. இருட்டிய பின் டிரெய்லரை முழுவதும் விரித்து, உள்ளே பிரகாசமான விளக்கை ஏற்றி, வெளியே நின்று பார்க்க வேண்டும். ஊசித்துளையும் தேய்ந்த மடிப்பும் ஒளிப்புள்ளிகளாகத் தெரியும். மடிக்கும்போது துணி எப்போதும் ஒரே இடத்தில் வளைவதால், கூரைத் தாங்கிகளுக்கு அருகிலும் படுக்கைக் கூடாரத்தின் வளைகம்பிகள் உரசும் இடங்களிலும் இவை மிகுதி. காணும் ஒவ்வொரு புள்ளியையும் சுண்ணக்கட்டியால் உடனே வட்டமிட வேண்டும். பகலில் அவற்றைத் தேடிப் பிடிக்க முடியாது.

வெளியே எதுவும் தெரியவில்லை. ஆனாலும் சுவருக்குள் ஈரம் இருக்குமோ என்ற சந்தேகம் தீரவில்லை. என்ன செய்யலாம்?

கையால் அழுத்திப் பாருங்கள். கூரையின் உட்பக்க மூலைகள், கதவின் இருபுறத் தரை, சக்கரப் பெட்டியைச் சுற்றிய தரை, படுக்கைப் பலகையின் வெளி விளிம்பு ஆகிய இடங்கள் மெத்தென்று இறங்கினாலோ, தட்டும்போது மற்ற இடங்களைவிட மந்தமாக ஒலித்தாலோ, உள்ளே மரம் கெட்டிருக்கிறது. தரைவிரிப்பின் கீழ் பிளைவுட் உப்பியிருப்பதும், திருகாணித் தலைகளைச் சுற்றித் துரு வளையம் இருப்பதும், பூட்டிய டிரெய்லரைத் திறந்தவுடன் வரும் ஓத நாற்றமும் அதே செய்தியைச் சொல்லும்.

இரு ஊசிகளைக் கொண்ட ஈரப்பதமானி ஒன்று வாங்குவது இந்த வேலையில் மிகவும் பயனுள்ள செலவு என்பது என் கருத்து. மரத்தில் 15 சதவீதத்துக்குள் காட்டினால் அமைதியாக இருக்கலாம். 15 முதல் 20 வரை காட்டினால் அந்த இடத்தைக் கண்காணிக்க வேண்டும். 20 சதவீதத்துக்கு மேல் நெடுநாள் நிலைத்தால் மரத்தை அழிக்கும் பூஞ்சை வேரூன்ற வாய்ப்புண்டு. ஊசி உலோகத் திருகாணியையோ அலுமினியத் தகட்டையோ தொட்டால் பொய்யாக உயர்ந்த எண்ணைக் காட்டும் என்பதால், ஓரிடத்தில் மூன்று நான்கு முறை சற்றுத் தள்ளித் தள்ளிக் குத்திப் பார்க்க வேண்டும். தனி எண்ணைவிட ஒப்பீடே முக்கியம்: ஒரு சுவர் முழுவதும் 12 காட்டி, ஒரு மூலை மட்டும் 24 காட்டினால், தேடலை அந்த மூலைக்கு மேலிருந்து தொடங்கலாம்.

நிற்கும்போது ஒழுகுவதில்லை; மழையில் ஓட்டிச் சென்ற பிறகு மட்டும் உள்ளே நனைந்திருக்கிறது. ஏன்?

ஓடும் டிரெய்லரை நீர் மேலிருந்து மட்டும் தாக்குவதில்லை. முன்னே செல்லும் காரின் சக்கரங்கள் வாரியடிக்கும் நீர் முன்பக்கச் சுவரில் மோதி மேல்நோக்கி ஏறும். டிரெய்லரின் சொந்தச் சக்கரங்கள் அடித்தளத்தின் மீது இடைவிடாது நீரை வீசும். கீழ்நோக்கி வழியும் மழையை மட்டும் தடுக்கும்படி அமைந்த இணைப்புகளால் இதைத் தாங்க முடியாது.

முதலில் மூடிய கூரைக்கும் பெட்டிக்கும் இடையே உள்ள ரப்பர் பீடிங்கைப் பாருங்கள். பல ஆண்டு அழுத்தத்தில் அது தட்டையாகி, மீளும் தன்மையை இழந்திருக்கும். ஒரு தாள்துண்டை விளிம்பில் வைத்துக் கூரையை இறக்கித் தாழ்ப்பாளைப் பூட்டிய பின் இழுத்தால், இறுக்கமாக வர வேண்டும். தாராளமாக உருவி வந்தால் அந்த இடத்தில் அழுத்தம் இல்லை. சுற்றளவு முழுவதும் இப்படிச் சோதித்து, பீடிங்கை மாற்றுவதா தாழ்ப்பாளின் இறுக்கத்தைச் சரிசெய்வதா என்று முடிவெடுக்கலாம். கூரை ஒரு மூலையில் மட்டும் தூக்கி நின்றால் உயர்த்தும் கம்பிவடங்களின் நீளம் சமமாக இல்லை என்று பொருள். அதைத் திருத்தாமல் பீடிங்கை மாற்றுவது வீண்.

இரண்டாவது காரணம் மிக எளியது, மிக அதிகமாகக் காணப்படுவதும் அதுவே. மூடும்போது கான்வாஸின் ஒரு நுனி வெளியே சிக்கிக்கொண்டால், விளக்குத்திரி எண்ணெயை உறிஞ்சுவது போல அந்த நுனி நீரை உறிஞ்சி உள்ளே அனுப்பிக்கொண்டே இருக்கும். சில மணி நேர மழைப் பயணத்தில் ஒரு மெத்தை முழுவதும் நனைய இது போதும். கூரை கடைசி ஒரு சாண் இறங்குவதற்கு முன் டிரெய்லரைச் சுற்றி ஒருமுறை நடந்து, துணியை உள்ளே தள்ளிவிடும் பழக்கம் வேண்டும்.

மூன்றாவதாக அடியில் படுத்துப் பாருங்கள். மின்கம்பியும் குழாயும் தரையைத் துளைத்துச் செல்லும் இடங்களும், சக்கரப் பெட்டி தரையுடன் சேரும் விளிம்பும் அடைபட்டிருக்க வேண்டும்.

கூரையில் எந்த இடங்கள் முதலில் பழுதாகின்றன?

துளையிடப்பட்ட ஒவ்வோர் இடமும். காற்றுப்போக்கி, ஏர் கண்டிஷனர், சாமான் கட்டும் கம்பிகள், வெளிப்பந்தலின் பிடிமானம், மூலை மூடிகள், ஓரப் பட்டையின் திருகாணிகள் என்று வரிசையாகச் சொல்லலாம். வெயிலில் கூரை விரிந்து இரவில் சுருங்குவதும், சாலையின் அதிர்வும் சீலன்டை மெல்ல மெல்லப் பிரிக்கின்றன. நடுப்பரப்பில் ஓட்டை விழுவது அரிது.

ஏர் கண்டிஷனர் பொருத்தப்பட்ட கூரையைத் தனியாகக் கவனிக்க வேண்டும். வழக்கமான 14 அங்குலச் சதுரத் திறப்பின் மேல் அது ஒரு நுரை கேஸ்கெட்டின் (இடைவெளியை அடைக்கும் மெத்துப்பட்டை) மீது அமர்ந்திருக்கும். உட்புறத்திலிருந்து நீண்ட போல்ட்டுகள் அதைக் கீழே இழுத்துப் பிடிக்கும். சுமார் ஓர் அங்குலத் தடிமனுள்ள அந்த கேஸ்கெட் பாதியாக அழுந்தியிருப்பதே சரியான இறுக்கம். நாளடைவில் போல்ட் தளர்ந்தால் நீர் புகும். அதற்காக முழு வலுவுடன் முடுக்கினால் கேஸ்கெட் நசுங்கி, மீளும் ஆற்றலை இழந்து, முன்னைவிட மோசமாக ஒழுகும். அளவாக முடுக்கியும் நிற்காவிட்டால் கேஸ்கெட்டை மாற்ற வேண்டும். அதன் வெளி விளிம்பைச் சுற்றி சீலன்ட் பூசுவது தீர்வன்று. மெல்லிய கூரையாக இருந்தால் இந்த எடையினால் நடுப்பகுதி தாழ்ந்து, இயந்திரத்தைச் சுற்றி நீர் குளம்போலத் தேங்கும். தேங்கிய நீர் எந்த கேஸ்கெட்டையும் என்றாவது வெல்லும். அப்படியானால் உள்ளிருந்து கூரைக்கு வலுச் சேர்ப்பதைப் பற்றி எண்ண வேண்டும்.

மடக்கு டிரெய்லரின் கூரை ஆள் ஏறி நிற்க அமைந்ததன்று. கூரையைத் தாழ்த்தி, ஏணியில் நின்றபடி கையெட்டும் தூரத்தில் வேலை செய்யுங்கள். உயர்த்திய கூரையின் கீழ் வேலை செய்ய நேர்ந்தால், கம்பிவடத்தை மட்டும் நம்பாமல் நான்கு மூலைகளிலும் மரத்தாங்கிகளை முட்டுக்கொடுத்து நிறுத்துங்கள்.

எந்த இடத்துக்கு எந்த சீலன்ட்?

இரண்டு பரப்புகளுக்கு நடுவே வைத்து இறுக்கும் இடங்களில், அதாவது பட்டைகள், விளக்குகள், காற்றுப்போக்கியின் விளிம்பு ஆகியவற்றுக்கு அடியில், பியூட்டைல் டேப்பே சிறந்தது. அது கெட்டியாகி உறைவதில்லை. எப்போதும் பிசைந்த மாவு போல நெகிழ்வாக இருந்து அசைவுக்கு ஈடுகொடுக்கும். திருகாணிகளை முடுக்கும்போது எல்லாப் பக்கமும் சீராகப் பிதுங்கி வர வேண்டும். மறுநாள் மீண்டும் ஒருமுறை மெதுவாக முடுக்கி, பிதுங்கியதை மரத்துண்டால் வழித்தெடுக்கலாம்.

கூரையின் மேற்பரப்பில் விளிம்புகளையும் திருகாணித் தலைகளையும் மூடுவதற்குத் தானே பரவிச் சமமாகும் வகை சீலன்ட் பொருந்தும். செங்குத்தான பரப்பில் அதைப் பூசினால் வழிந்துவிடும். அங்கே வழியாத வகை வேண்டும். கூரை இ.பி.டி.எம். ரப்பரால் ஆனதென்றால் பெட்ரோலியக் கரைப்பான் கலந்த எதையும் அதன் மேல் பூசவோ துடைக்கவோ கூடாது; ரப்பர் உப்பிக் குமிழ்விடும். ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கும் சில கரைப்பான்களால் விரிசல் விடும். சீலன்ட் குழலின் மேல், உங்கள் கூரையின் பொருளுக்கு ஏற்றதென்று எழுதியிருக்கிறதா என்று படித்த பிறகே வாங்க வேண்டும்.

சாதாரண சிலிக்கானை ஏன் வேண்டாம் என்கிறார்கள்?

எளிதில் கிடைக்கிறது, பூசவும் சுலபம். அதனாலேயே பழைய டிரெய்லர்களில் அது எங்கும் காணப்படுகிறது. ஆனால் ரப்பர் கூரையில் அது நெடுநாள் ஒட்டுவதில்லை. ஓரம் பெயர்ந்த பிறகு அதன் மேல் வேறு எந்த சீலன்டும், ஏன் புதிய சிலிக்கானும்கூட, சரியாகப் பிடிப்பதில்லை. கழற்றிய பிறகும் கண்ணுக்குத் தெரியாத படலமாகத் தங்கிவிடுகிறது. முன்பு சிலிக்கான் பூசிய இடத்தைப் புதுப்பிக்கும்போது பிளாஸ்டிக் சுரண்டியால் முழுவதும் எடுத்து, கூரைக்குத் தீங்கு செய்யாத நீக்கியால் துடைத்து, உலரவிட்டே மேற்கொண்டு செல்ல வேண்டும். இந்தத் தயாரிப்பு, சீலன்ட் பூசுவதைவிடப் பன்மடங்கு நேரம் பிடிக்கும். அந்த நேரத்தைக் கொடுக்க மனமில்லையென்றால் வேலையையே தொடங்காமல் இருப்பது நல்லது. பழைய பூச்சின் மேல் புதிய பூச்சு, அதன் மேல் இன்னொன்று என்று அடுக்கிய கூரைகளில் நீர் அந்த அடுக்குகளின் அடியில் சுற்றிக்கொண்டே இருப்பதைப் பார்க்கலாம்.

திருகாணி முடுக்கினால் பிடிக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பெரிய திருகாணி போடலாமா?

மரம் ஈரத்தில் மென்மையாகியிருந்தால் பெரிய திருகாணியும் விரைவில் தளரும். துளையை உலர்த்தி, கடினமரக் குச்சியை எபாக்சிப் பசையில் தோய்த்து இறக்கி, இறுகிய பின் புதிதாகத் துளையிட்டுத் துருப்பிடிக்காத எஃகுத் திருகாணியைப் போடுங்கள்.

புதிய கான்வாஸிலும் தையலோரத்தில் நீர் சொட்டுகிறதே, குறைபாடா?

பருத்தி அல்லது பருத்தி கலந்த துணியென்றால் பெரும்பாலும் குறைபாடன்று. தையல் ஊசி போட்ட துளைகள் நூலைவிடச் சற்றுப் பெரியவை. துணி முதன்முறை நன்றாக நனையும்போது இழைகள் உப்பி அந்த இடைவெளியை அடைக்கும். ஆகவே புதுத் துணியை விரித்து முழுவதும் நனைத்து, முழுவதும் உலரவிட்டு, இதை இரண்டு மூன்று முறை செய்த பிறகே முதல் பயணத்துக்குச் செல்ல வேண்டும். வினைல் பூசிய செயற்கைத் துணி இப்படி உப்புவதில்லை. அதன் தையல்களுக்குத் தையல் சீலன்ட்டைத் தூரிகையால் தேய்ப்பதுதான் வழி.

பருத்திக் கான்வாஸ் நனைந்திருக்கும்போது உட்புறத்தை விரலாலோ தலையணையாலோ தொடக்கூடாது. இழைகளிடையே நீரைத் தாங்கி நிற்கும் பரப்பு இழுவிசை தொட்ட இடத்தில் உடைந்து, அங்கிருந்து சொட்டத் தொடங்கும்.

மழைத்துளி முத்தாக உருண்டு ஓடாமல் துணியில் ஊறிப் பரவினால் நீர்காப்புப் பூச்சு தேய்ந்துவிட்டது. தூசியை மென்மையான தூரிகையால் தட்டி, வெறும் நீரால் அலசி, உலர்ந்த பின் அந்தத் துணி வகைக்கு உரிய நீர்காப்புத் திரவத்தைப் பூசலாம். துணி துவைக்கும் பவுடர் வேண்டவே வேண்டாம். இழைகளில் தங்கும் அதன் எச்சம் நீரை உள்ளே ஈர்க்கும்.

கிழிசலை எப்படி ஒட்டுவது?

அதே வகைத் துணியை, நான்கு பக்கமும் இரண்டு அங்குலம் கூடுதலாக, மூலைகளை வட்டமாக வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். கூர்மூலை எளிதில் பெயரும். பருத்திக்குப் பாலியெஸ்டர் நூலால் தைத்துத் தையலின் மேல் சீலன்ட் தேய்க்க வேண்டும். வினைலுக்கு வினைல் பசை போதும். பயணத்தின் நடுவே துணியின் உள்ளும் வெளியும் பழுதுபார்ப்பு டேப் ஒட்டுவது உதவும்; வீடு திரும்பியதும் அதை எடுத்துவிட்டு முறையாகச் செய்ய வேண்டும்.

நீளும் படுக்கையின் ஓரம் மட்டும் நனைகிறது. எங்கே பார்ப்பது?

துணியின் கீழ் விளிம்பு படுக்கைப் பலகைக்கு வெளியே தொங்கி, அடியில் உள்ள மீள்கயிற்றுக் கொக்கிகளில் மாட்டப்பட்டிருக்க வேண்டும். கயிறு தளர்ந்து விளிம்பு பலகையின் மேலேயே படிந்திருந்தால், துணியில் வழியும் நீர் நேராக மெத்தைக்குள் இறங்கும். கயிறுகள் மலிவானவை, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றிவிடலாம். அடுத்து, படுக்கைக் கூடாரம் கூரையின் ஓரத்தில் சேரும் இடத்தையும், பெட்டியுடன் சேரும் இரண்டு கீழ் மூலைகளையும் பாருங்கள். காற்றோடு சாரல் அடிக்கும்போது அங்குள்ள மடிப்புத் துணியும் ஒட்டுப்பட்டையும் சரியாகச் செருகப்படாவிட்டால் நீர் பீய்ச்சியது போல வரும். டிரெய்லரை நிறுத்தும்போது கூரை நீர் ஒரு பக்கமாக வடியும்படி மிகச் சிறிய வாட்டம் கொடுப்பதும், கூடாரத்தின் மேற்பகுதியில் நீர் தேங்காதபடி வளைகம்பிகளை முழு இழுவையில் நிறுத்துவதும் பாதிச் சிக்கலைத் தீர்க்கும்.

குழாய்க் கசிவை எப்படிக் கண்டுபிடிப்பது?

தொட்டியில் நீர் நிரப்பி, 12 வோல்ட் பம்பை இயக்கி, எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுக் காத்திருங்கள். அழுத்தம் ஏறியதும் பம்ப் நின்றுவிட வேண்டும். யாரும் குழாயைத் திறக்காமலேயே அது அவ்வப்போது ஓடி ஓடி நின்றால், எங்கோ நீர் வெளியேறுகிறது, அல்லது பம்பின் ஒருவழி வால்வு பின்னுக்குக் கசிகிறது. ஒவ்வோர் இணைப்பையும் உலர்ந்த தாளால் தொட்டுக்கொண்டே போனால் ஈரம் படும் இடம் தெரிந்துவிடும்.

வெளியிலிருந்து நேரடி இணைப்பு கொடுக்கும்போது மட்டும் கசிந்தால், மிகுதியான அழுத்தமே காரணமாக இருக்கலாம். சதுர அங்குலத்துக்கு 40 முதல் 50 பவுண்டு வரை, அதாவது ஏறக்குறைய 3 பார் அளவில் நிறுத்தும் அழுத்தக் கட்டுப்படுத்தியைப் பொருத்த வேண்டும். உறைபனி விழும் இடங்களில், நீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பெருகுவதால், வடிக்காமல் விட்ட குழாயும் பம்பும் குளிர்காலத்தில் வெடிக்கும். வசந்தத்தின் முதல் பயணத்தில்தான் அது வெளிப்படும். பாலிஎத்திலீன் தொட்டியில் விரிசல் விட்டால் எந்தப் பசையும் நிலையாக ஒட்டாது. பிளாஸ்டிக் வெல்டிங் செய்ய வேண்டும் அல்லது தொட்டியை மாற்ற வேண்டும்.

ஏ.பி.எஸ். கூரையில் விரிசல்கள் விழுந்திருக்கின்றன. மாற்றித்தான் ஆக வேண்டுமா?

அடியில் உள்ள நுரையும் மரமும் உலர்ந்திருந்தால் மாற்ற வேண்டியதில்லை. விரிசலின் இரு முனைகளிலும் சிறு துளையிட்டால் அது மேலும் ஓடாது. பிறகு விரிசலைச் சற்று விரித்துச் சுத்தம் செய்து, ஏ.பி.எஸ். துகள்களை அசிட்டோனில் கரைத்த குழம்பால் நிரப்பி, இறுகிய பின் தேய்த்துச் சமப்படுத்தி, புற ஊதாக் கதிரைத் தாங்கும் பூச்சு பூச வேண்டும். அசிட்டோன் ஆவி எளிதில் தீப்பற்றும் என்பதால் திறந்த வெளியில், நெருப்பு எதுவும் இல்லாத இடத்தில் மட்டுமே செய்யுங்கள். பூச்சு கட்டாயம்: வெயில்தான் அந்த பிளாஸ்டிக்கை நொறுங்கச் செய்தது, பூசாவிட்டால் பக்கத்தில் இன்னொரு விரிசல் விழும்.

மரம் இற்றுப்போயிருக்கிறது. எவ்வளவு வெட்டி எடுக்க வேண்டும்?

கூர்மையான ஆணியால் குத்திக்கொண்டே போங்கள். எளிதில் இறங்கும் பகுதி முழுவதையும், அதைத் தாண்டி நல்ல மரத்தில் ஒரு சாண் தூரத்தையும் எடுப்பது பாதுகாப்பானது. எஞ்சிய மரம் 15 சதவீதத்துக்குக் கீழே உலரும்வரை எதையும் மூடக்கூடாது. மின்விசிறியும் ஈரம் உறிஞ்சும் கருவியும் வைத்தாலும் சில நாள்கள் முதல் சில வாரங்கள் வரை ஆகலாம். உலராத மரத்தின் மேல் எபாக்சியைப் பூசினால் ஈரம் உள்ளேயே சிறைப்பட்டு அழுகல் தொடரும். உலர்ந்த பிறகு பூஞ்சையைத் தடுக்கும் போரேட் கரைசலைத் தடவி, அது காய்ந்ததும் புதிய மரத்தை எபாக்சியுடன் பொருத்தி, வெட்டு விளிம்புகள் எல்லாவற்றையும் அடைக்க வேண்டும். பிளைவுட் தன் விளிம்பின் வழியாகவே நீரைக் குடிக்கிறது.

கூரையை உயர்த்தும் தூண்கள் பற்றியிருக்கும் மூலைகளில் மரம் கெட்டிருந்தால் நீங்களே செய்ய முற்படாமல் தேர்ந்த பட்டறையில் கொடுங்கள். அந்த மூலைகள்தான் கூரையின் முழு எடையையும் தாங்குகின்றன. அடிச்சட்டம் துருவேறி மெலிந்திருந்தாலும், எரிவாயுக் குழாய் செல்லும் சுவரைப் பிரிக்க வேண்டியிருந்தாலும் அதையே சொல்வேன்.

கான்வாஸில் கறுப்புப் புள்ளிகள் படர்ந்திருக்கின்றன. பிளீச் போடலாமா?

வேண்டாம். பிளீச் தையல் நூலையும் துணியையும் நலியச் செய்து நீர்காப்பையும் நீக்கிவிடும். வெளியில் விரித்து, முகக்கவசம் அணிந்து, உலர்ந்த பூஞ்சையைத் தூரிகையால் தட்டிவிட்டு, நீரில் கலந்த வினிகரால் துடைத்து வெயிலில் காயவிடுங்கள். கறை முழுவதும் போகாது. பூஞ்சை செத்து, நாற்றம் நின்றால் போதும். பிறகு நீர்காப்புத் திரவத்தை மீண்டும் பூச வேண்டியிருக்கும்.

மழையிலேயே மடித்துக் கிளம்ப நேர்ந்தால்?

மெத்தைகளின் மேல் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, நனைந்த துணி அவற்றைத் தொடாதபடி மடியுங்கள். அடுத்த 24 முதல் 48 மணி நேரத்துக்குள் எங்காவது விரித்துக் காயவைத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். முழுவதும் விரிக்க இடமில்லையென்றால் கூரையைப் பாதி உயர்த்தி, இரு ஓரங்களையும் திறந்து, உள்ளே மின்விசிறி வைத்தாலும் பெரிதும் உதவும்.

பயன்படுத்தாத மாதங்களில் தார்ப்பாய் போட்டு மூடி வைக்கலாமா?

காற்றோடாத தார்ப்பாய், கீழிருந்து எழும் ஈரத்தை உள்ளேயே நிறுத்தும். காற்றில் அடித்துக்கொண்டு கூரையின் ஓரங்களையும் உரசும். காற்றோடும் துணியாலான உறையே நல்லது. மூடும் முன் டிரெய்லரை ஒரு பக்கம் சற்றுத் தாழ்த்தி நிறுத்தினால் கூரையில் நீர் தேங்காது. உறை இருந்தாலும் சீலன்ட் முதுமையடையும். ஆண்டுக்கு இரண்டு முறை, பருவத்தின் தொடக்கத்திலும் முடிவிலும், கூரையின் ஒவ்வோர் இணைப்பையும் விரலால் தடவிப் பார்த்து, வெடிப்போ ஓரப்பெயர்வோ உள்ள இடத்தை உடனே புதுப்பியுங்கள். அப்போதே ஈரப்பதமானியின் எண்களை மூலைவாரியாக ஒரு குறிப்பேட்டில் தேதியுடன் எழுதி டிரெய்லரிலேயே வைத்திருந்தால், அடுத்த முறை எந்த மூலையில் எண் ஏறியிருக்கிறது என்று பார்த்த உடனே தெரிந்துவிடும்.